குவாட்டர்ஸ் வாசலில் பங்குனி

நெய்வேலியில் குவாட்டர்ஸைக் காலி செய்கிறவர்களின் லாரியில் கட்டிலும் பீரோவும் ஏறிய பிறகு, கடைசியாக ஏறுவது செடிகள். அடியில் ஓட்டை விழுந்த பக்கெட்டில் மல்லிகைப் பதியன், பெயின்ட் டப்பாவில் கறிவேப்பிலைக் கன்று, ஈரச் சாக்கில் சுற்றிய முருங்கைப் போத்து. அப்பா ஓய்வு பெற்ற வருடம் எங்கள் லாரியிலும் இப்படித்தான் ஏறின. மல்லிகையை மட்டும் சாமான்களோடு போட அம்மாவுக்கு மனம் வரவில்லை. விருத்தாசலம் வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

மாமரமும் வேம்பும் பின்னாலேயே நின்றுவிட்டன. அந்த மாமரத்தை நட்டது நாங்கள் இல்லை, எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர்கள். அவர்கள் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. ஆனால் இருபத்திரண்டு வருடம் அவர்களுடைய மரத்தின் மாவடுவைத்தான் ஜாடி ஜாடியாக ஊறுகாய் போட்டோம். நாங்கள் வைத்த வேம்பின் நிழலில் இப்போது யாரோ கயிற்றுக்கட்டில் போட்டிருப்பார்கள்.

இந்தச் சுரங்க ஊரில் வீடு யாருக்கும் சொந்தமில்லை. வேலை இருக்கும் வரைக்கும்தான் வாசம். நாற்பது வருடம் இருந்தாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அப்படி இருந்தும், தமிழ்நாட்டின் எந்த நகரத்திலும் இவ்வளவு பேர் இவ்வளவு ஆசையாகத் தோட்டம் போட்டு நான் பார்த்ததில்லை. சொந்தமில்லாத மண்ணில் மரம் வைக்கிற இந்தப் பழக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் மாசி கடைசியிலிருந்து சித்திரை முடிவதற்குள் ஒருமுறை நெய்வேலிக்கு வர வேண்டும்.

சாலையில் பொரி கொட்டியதுபோல

பெயர்ப் பலகைகளில் ‘வட்டம்’ என்றிருக்கும். பேச்சில் எல்லோருக்கும் அது ‘பிளாக்’தான். ஆர்ச் கேட் வழியாக உள்ளே வந்து எந்த பிளாக்கில் திரும்பினாலும் இரண்டு பக்கமும் மரங்கள். மாசியில் இலை உதிர்த்த புங்கை, பங்குனி பிறந்ததும் பளபளவென்று புதுத் தளிர் விடும். கூடவே பூ. வெள்ளையும் வெளிர் ஊதாவும் கலந்த சின்னச் சின்னப் பூக்கள் விடிவதற்குள் கொட்டி, தார்ச் சாலையில் பொரி இறைத்ததுபோலக் கிடக்கும். முதல் ஷிஃப்டுக்குப் போகிறவர்களின் சைக்கிள் தடம் மட்டும் அதில் கோடாக விழுந்திருக்கும். சைக்கிள் இப்போது பைக்காகிவிட்டது, கோடு மாறவில்லை.

புங்கைக்குப் பின்னாலேயே வேம்பு பூக்கும். பிறகு தூங்குமூஞ்சி மரத்தில் இளஞ்சிவப்புக் குஞ்சங்கள், வாகையில் பச்சை வெளுப்பான மணமுள்ள குஞ்சங்கள். சித்திரை நடுவில் சரக்கொன்றை. அது பூக்கிற இரண்டு மூன்று வாரம் இலையைத் தேட வேண்டும், அவ்வளவு மஞ்சள். அதோடு சேர்ந்தோ சற்றுப் பிந்தியோ குல்மோகர் பற்றிக்கொள்ளும். நெருப்புக் கொன்றை என்று சொல்வதும் அதைத்தான். மடகாஸ்கரிலிருந்து வந்த மரம் அது, தூங்குமூஞ்சி அமெரிக்காவிலிருந்து வந்தது. வேலைக்காக எங்கெங்கிருந்தோ வந்து குடியேறியவர்களின் ஊரில் மரங்களும் அப்படியே அமைந்துவிட்டன. மலையாளம், தெலுங்கு, இந்தி, வங்காளம் எல்லாம் ஒரே குழாயடியில் கேட்டு வளர்ந்த எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

இப்போது நிற்கிற மரங்களில் பல, பழைய மரங்கள் இல்லை. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. விடிந்தபோது டவுன்ஷிப்பில் நடக்க வழியில்லை. ஐம்பது வருடம் வளர்ந்த மரங்கள் வேரோடு சாய்ந்து, மதில்களின் மேலும் கூரைகளின் மேலும் கிடந்தன. நிழலிலேயே வளர்ந்த பிள்ளைகள் அன்றுதான் எங்கள் தெருவின் முழு வானத்தைப் பார்த்தார்கள். நெய்வேலியைச் சுற்றி, பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கமெல்லாம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாக விழுந்தன. பலா ஒன்று வளர்ந்து நல்ல காய்ப்புக்கு வரப் பத்து வருடமாவது ஆகும். நட்டவர் தாத்தா, காய் பறிப்பவர் பேரன் என்கிற கணக்கு ஒரே காலையில் கலைந்துபோனது. புயலுக்குப் பிறகு நட்டவைதான் இப்போது பல தெருக்களில் பூக்கின்றன. பழையவற்றின் அகலம் இன்னும் வரவில்லை. நிழல் நடுச்சாலையில் கைகோக்க இன்னும் சில வருடங்கள் ஆகலாம்.

நூறு குடம் பிடிக்கும் வாளி

ஞாயிற்றுக்கிழமை ‘வெளியே போவது’ என்றால் எங்களுக்கு முதலில் சுரங்கம்தான். ஊரிலிருந்து உறவினர்கள் வந்தால் கட்டாயம் அழைத்துப் போக வேண்டிய இடம். அனுமதி வாங்கி, பார்வை மேடையில் ஏறி நின்றால், கண்ணுக்கெட்டிய வரைக்கும் படிப்படியாக இறங்கும் பள்ளம். மேலே செம்மண், கீழே சாம்பல் நிறக் களிமண், அதற்கும் கீழே கறுப்புக் கோடாகப் பழுப்பு நிலக்கரி. சக்கரத்தில் வாளிகளைக் கட்டி மண்ணைச் சுரண்டும் இயந்திரங்கள் அங்கே ஓடுகின்றன. பெரியவற்றில் ஒரு வாளியின் கொள்ளளவு 1,400 லிட்டர். “நம்ம வீட்டுக் குடத்துல நூறு குடம் தண்ணி புடிக்கும்டா” என்று அப்பா சொன்னதுதான் நான் படித்த முதல் பொறியியல் பாடம்.

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது என்பதுதான் இந்த ஊரின் தொடக்கக் கதை. 1956-இல் சுரங்கத்தை நடத்தும் நிறுவனம் உருவானது. 1957 மே 20 அன்று நேரு முதல் சுரங்கத்தைத் தொடங்கிவைத்தார். 1961-இல் நிலக்கரி கண்ணில் பட்டது. அதற்குள் மண்ணோடு மட்டுமல்ல, தண்ணீரோடும் போராட வேண்டியிருந்தது. நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கிற ஊற்றுநீரை இடைவிடாமல் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும், நிறுத்தினால் நீர் பொத்துக்கொண்டு மேலே வந்துவிடும். அந்த நீரில் ஒரு பகுதிதான் பெருமாள் ஏரிக்கும் வாலாஜா ஏரிக்கும் போகிறது. பங்குனி வெயிலில் சுற்றுவட்டாரக் குளங்கள் வறண்டாலும் பெருமாள் ஏரிக் கரையில் கொக்கும் நாரையும் பார்க்கலாம்.

அந்தக் கறுப்புப் படுகையே ஒரு பழைய காடு. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சதுப்பில் அமிழ்ந்த மரங்கள்தான் பழுப்பு நிலக்கரி ஆயின. நெய்வேலி நிலக்கரியை உருப்பெருக்கியில் ஆராய்ந்த தாவரவியலாளர்கள் அதில் மகரந்தத் துகள்களை எடுத்திருக்கிறார்கள், பனைக் குடும்பத்து மகரந்தம் உட்பட. அந்தக் காடும் ஏதோ ஒரு பருவத்தில் பூத்துக் குலுங்கியிருக்கிறது, அந்த மகரந்தம் நம் ஊர் மின்நிலையம் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இதைச் சொல்லுங்கள். பள்ளத்தை அதற்கப்புறம் அவர்கள் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும். ஒருநாள் நேரமிருந்தால் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக்கும் போய்வரலாம். அங்கே கல்லாகவே மாறிவிட்ட மரங்கள், பட்டைக் கோடும் வளையமும் தெரியக் கிடக்கின்றன.

நிலக்கரி எடுத்து முடிந்த இடங்களில் மண்ணைத் திரும்ப நிரப்பி மரம் வளர்த்திருக்கிறார்கள். ஏரி ஒன்றும் அமைத்திருக்கிறார்கள். முதலில் அந்த மண்ணில் புல்கூட முளைக்காது, அடியில் கிடந்த சத்தில்லாத மண் மேலே வந்துவிட்டதல்லவா. பசுந்தாள் உரம் போட்டு, அதை மடக்கி உழுது, வருடக்கணக்கில் பழக்கித்தான் மரத்துக்கு ஏற்ற மண்ணாக்க வேண்டும். அந்த மேட்டில் நின்று வேம்பு பூத்திருப்பதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

பார்வை மேடையில் நிற்கிறபோது இன்னொன்றையும் நான் பிள்ளைகளிடம் சொல்லாமல் வருவதில்லை. இந்தப் பள்ளம் இருக்கிற இடத்தில் ஊர்கள் இருந்தன. அவற்றிலும் வாசலில் வேம்பு, கொல்லையில் பலா, கோயிலுக்கு முன் அரசு இருந்தன. அந்த ஊர்க்காரர்களும் மரங்களை விட்டுவிட்டுத்தான் போனார்கள். அவர்களுக்கு ஓய்வு பெறும் தேதி கிடையாது. 2023 ஜூலையில் வளையமாதேவி கிராமத்தில், சுரங்கத்துக்கு வேண்டிய பரவனாற்றுக் கால்வாய்க்காக, பால்பிடிக்கும் முன்பே நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அன்று இரவு எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. இந்த ஊரின் விளக்கு வெளிச்சத்தில் படித்தவள் நான், அந்தப் பயிருக்கு நானும் கடன்பட்டவள்.

கட்டுச்சோறும் காவடியும்

பங்குனி உத்திரத்தன்று நெய்வேலியின் எல்லாச் சாலையும் வேலுடையான்பட்டுக்குத்தான் போகும். சிவசுப்பிரமணிய சுவாமி கோயில். வில்லுடையான்பட்டு என்று சொல்கிறவர்களும் உண்டு. விடியற்காலையிலேயே காவடிகள் கிளம்பிவிடும், சாலை முழுக்க மஞ்சள் வேட்டி. வழியெல்லாம் நீர்மோர்ப் பந்தல். வெறுங்காலில் தார் சுடும் என்று வீட்டு வாசலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். மதம் பார்த்து ஊற்றியதாக எனக்கு நினைவில்லை. எங்கள் எதிர்வீட்டு மேரி மாதா படம் மாட்டிய வாசலிலும் அன்று காலை முழுக்க ஹோஸ் பைப் ஓடும்.

இந்த மாதிரி நாட்களில் அம்மா கட்டுகிற சாப்பாட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. புளியோதரைக்குச் சாதத்தை வடித்ததும் தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு, நன்றாக ஆறிய பிறகே புளிக்காய்ச்சலில் கிளறுவாள். சூடாகக் கிளறி மூடினால் வேர்த்து, மதியத்துக்குள் நொந்துவிடும். தயிர்சாதத்துக்குக் காலையில் பாலை நிறைய விட்டுப் பிசைந்து, ஒரே ஒரு கரண்டி தயிர் சேர்ப்பாள். வெயிலில் அது தானாகத் தோய்ந்து, சாப்பிடுகிற நேரத்துக்குப் புளிக்காமல் சரியாக இருக்கும். வெள்ளரிக்காயைத் துண்டு போடாமல் முழுசாக எடுத்து வந்து சாப்பிடுகிற இடத்தில்தான் நறுக்குவாள்.

கூட்டம் வேண்டாம் என்கிறவர்களுக்கு வடலூர் இருக்கிறது, அரைமணி நேரம்கூட ஆகாது. 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு தருமசாலையில் இன்றும் அணையவில்லை, யார் போனாலும் சோறு உண்டு. அந்த அடுப்பைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் வீட்டு லெக்கோ அடுப்பு நினைவுக்கு வரும். பழுப்பு நிலக்கரியைக் கட்டியாக்கிச் சுட்டு, ‘லெக்கோ’ என்ற புகையில்லாத எரிபொருளாக நெய்வேலியில் தயாரித்தார்கள். பற்றவைக்க நேரம் பிடிக்கும். பிடித்துவிட்டால் லேசில் அணையாது. சமையல் முடிந்தும் கனல் மிச்சம் இருக்கும் என்பதால் அதில் ஒரு தவலைத் தண்ணீர் ஏற்றிவைப்பது வழக்கம். நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பாவுக்குக் குளிக்க அது. லெக்கோ ஆலை மூடிப் பல வருடங்கள் ஆகின்றன. 1962-இல் ஓடத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையமும் 2020-இல் நிறுத்தப்பட்டது.

ஈரத் துணியால் துடைக்காதே

பக்குவம் என்பது ஊருக்கு ஊர் மாறும். நெய்வேலிப் பக்குவங்களில் முதலாவது சாம்பலைப் பற்றியது. காற்று திரும்புகிற நாட்களில் ஜன்னல் விளிம்பில், துணிக் கொடியில், மொட்டை மாடியில் மெல்லிய தூசு படியும். புதிதாகக் குடிவந்தவர்கள் உடனே ஈரத் துணியை எடுப்பார்கள். அங்கேதான் தப்பு. ஈரம் பட்டதும் சாம்பல் சேறாகி, சுவரிலும் துணி நூலிலும் அப்பிக்கொள்ளும். முதலில் உலர்ந்த துணியால் தட்ட வேண்டும், அல்லது உதற வேண்டும். பிறகுதான் தண்ணீர். வெள்ளைச் சீருடையில் செம்மண் கறை பட்டாலும் இதே முறைதான். காயவிட்டு, உதிர்த்து, பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு அப்புறம் ஊறவைக்க வேண்டும்.

அதனால்தான் இங்கே வடகம் பிழிந்தால் மேலே ஒரு பழைய மல்லு வேட்டியைக் கூடாரம்போலக் கட்டுவார்கள். வெயில் இறங்கும், தூசு இறங்காது. காக்கைக்கும் வழியில்லை.

வேப்பம்பூ சேகரிப்பதற்கும் வேட்டியோ சேலையோ வேண்டும். முந்தின இரவே மரத்தடியைப் பெருக்கி, பழைய பருத்திச் சேலையை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டால், விடியும்போது பூ தானாக வந்து கிடக்கும். கிளையை உலுக்கினால் பிஞ்சும் இலைக்காம்பும் சேர்ந்து விழுந்து, பொறுக்குவதற்குள் பொழுது போய்விடும். நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி, கடைசியாக ஒருமுறை வெயில் காட்டி, ஈரமில்லாத பாட்டிலில் போட்டால் வருடம் முழுக்க ரசத்துக்கு ஆகும். சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடிக்கு மட்டும் அன்றைய பூவே வேண்டும், நெய்யில் நன்றாகச் சிவக்க வறுத்துத் தூவ வேண்டும்.

சுற்றிலும் முந்திரிக்காடு என்பதால் பங்குனி, சித்திரையில் தெருவுக்கே முந்திரிப் பழத்தின் மணம் வரும். போர்த்துக்கீசியர் கொண்டுவந்த மரம் இந்தச் செம்மண்ணில் இப்படி ஒட்டிக்கொண்டது. பழத்தை அப்படியே கடித்தால் தொண்டை காறும். நறுக்கி உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுவைத்துச் சாப்பிட்டால் காறல் குறையும். அதன் சாறு துணியில் பட்டால் அந்தக் கறை துணி கிழிகிற வரைக்கும் போகாது, பிள்ளைகளுக்குப் பழைய சட்டை போட்டுவிடுவது ஒன்றே வழி. கொட்டையை மட்டும் வீட்டு அடுப்பில் சுடவே கூடாது. ஓட்டில் உள்ள எண்ணெய் தெறித்தால் தோல் கொப்பளிக்கும், புகையும் ஆகாது. அந்தக் கொட்டையை உடைத்து உடைத்துக் கை வெந்துபோன பெண்கள் இந்த மாவட்டத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நம் பாயசத்துக்கு வருகிற வெள்ளைப் பருப்பு அவர்கள் கையைத் தாண்டித்தான் வருகிறது.

பலாவுக்குக் கைக்கும் கத்திக்கும் நல்லெண்ணெய் என்பது எல்லோருக்கும் தெரியும். பலாக்கொட்டையைச் செம்மண்ணைக் கரைத்துப் புரட்டி, காயவைத்து எடுத்துவைத்தால் மழைக்காலம் வரை வரும் என்பது இந்தப் பக்கத்துப் பாட்டிகளின் கணக்கு. புதுப்புளியைக் கொட்டை நீக்கி, கல்லுப்பை இடையிடையே தூவி, மண் ஜாடியில் அமுக்கி வைப்பதும் இதே பங்குனியில்தான். பருப்பு டப்பாவில் காய்ந்த வேப்பிலையோ ஒரு துண்டு வசம்போ போட்டால் வண்டு அண்டாது.

மல்லிகைக்கு நேரம் முக்கியம். கார்த்திகை முடிகிறபோது தரையிலிருந்து முழங்கால் உயரம் விட்டு மேலெல்லாம் கவாத்து செய்துவிட வேண்டும். கை வராது, தெரியும். வெட்டாமல் விட்ட கொடி இலையாகத்தான் போகும். வெட்டின கொடி பங்குனியில் அரும்பு கட்ட ஆரம்பித்து, ஆனி வரைக்கும் ஓயாது. அரும்பை வெயில் ஏறுமுன் பறித்து, ஈரத் துணியில் சுற்றி வாழை இலையில் மடித்தால் சாயங்காலம் தலையில் வைக்கும்போது மலரும். பதியன் போடுவது இன்னும் சுலபம். தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, ஒரு கணுவுக்குக் கீழே பட்டையை லேசாகச் சீவி, மண்ணுக்குள் அமுக்கி, மேலே ஒரு செங்கல். மூன்று நான்கு மாதத்தில் வேர் பிடித்துவிடும். அதற்குள் செங்கல்லைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. அம்மாவின் தோட்டச் சட்டங்களில் தலையாயது அது.

மடியில் வைத்து அம்மா கொண்டுபோன பதியன், விருத்தாசலத்து வாடகை வீட்டின் மாடித் தொட்டியில் மூன்று வருடம் இருந்தது. மூன்றாவது கோடையில் பட்டுப்போனது. அதைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

போன பங்குனி உத்திரத்துக்கு வேலுடையான்பட்டு போய்விட்டுத் திரும்பும்போது, “நம்ம பிளாக் வழியா போப்பா” என்று ஆட்டோக்காரரிடம் அம்மாவே சொன்னாள். வீட்டு வாசலில் இறங்கி வேலிக்கு வெளியே நின்றோம். எங்கள் வேம்பின் அடியில் பூப்போட்ட பழைய சேலை ஒன்று விரித்திருந்தது, நான்கு மூலையிலும் கல். மாமரம் புயலில் போனது போனதுதான். குழாயடிக்குப் பக்கத்தில் மல்லிகை ஆள் உயரத்துக்கு ஏறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது.

உள்ளிருந்து ஒரு இளம்பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். முன்னால் இங்கே இருந்தோம் என்று சொன்னதும் கேட்டைத் திறந்தாள்.

“உள்ள வாங்கம்மா, வெயில்ல நிக்காதீங்க. இந்த மல்லி நீங்க வெச்சதா? நாங்க வந்தப்பவே இருந்துச்சு. ஆனா பூவே சரியா வர்றதில்ல.”

“வெட்டணும்மா. கார்த்திகை கடைசில. பாவம் பாக்காம வெட்டு, இதே அளவுக்கு.” அம்மா குனிந்து முழங்காலில் கை வைத்துக் காட்டினாள். பிறகு கொடியின் அடியில் தழைந்து கிடந்த கிளை ஒன்றைப் பிடித்து, கணுவைத் தடவிப் பார்த்தாள்.

“ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டியே? ஒரு பதியன் போட்டுட்டுப் போகட்டுமா? ஜூலைல புத்தகக் கண்காட்சிக்கு லிக்னைட் ஹாலுக்கு எப்படியும் வருவோம். அப்ப வந்து வெட்டி எடுத்துக்கறேன்.”

அந்தப் பெண் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, செங்கல் தேடிப் பின்பக்கம் ஓடினாள்.